வேல்ஸ் நேரோ கேஜ் ரயில் புத்தகங்கள்: மாடல் செய்யும் மேசையில் பல வருடப் பழக்கம்

ரயில் மாடல் செய்கிறவருக்குப் புத்தகம் படிக்க மட்டுமல்ல, அளவெடுக்கவும் வேண்டும். என்னிடம் சேர்ந்திருக்கும் வேல்ஸ் நேரோ கேஜ் (வழக்கமானதைவிடத் தண்டவாள இடைவெளி குறைந்த ரயில் பாதைகள்) புத்தகங்களை நான் அப்படித்தான் எடை போடுகிறேன். வழவழ தாளில் வந்த வண்ணப் படத் தொகுப்புகளை வாங்கிய புதிதில் ஆசையாகப் புரட்டினேன். அப்புறம் அவை மேல்தட்டுக்குப் போய்விட்டன. மேசையை விட்டு நகராமல் கிடப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள்.

அவற்றில் முதலிடம் ஜே. ஐ. சி. பாய்ட் எழுதி ஓக்வுட் பிரஸ் வெளியிட்ட ஃபெஸ்டினியாக் ரயில்வே வரலாற்றுக்கு. இரண்டு தொகுதிகள். கதை போல ஓடுகிற நடை இல்லை, ஒரே மூச்சில் படிக்கவும் முடியாது. ஆனால் ஏதோ ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வருடத்தில் அந்தப் பாதை எப்படி இருந்ததோ அப்படியே செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை. 1836-ல் பாதை திறந்தபோது இன்ஜினே கிடையாது. ஸ்லேட் (கூரை வேயும் பலகைக்கல்) ஏற்றிய வேகன்கள் சரிவில் தாமாக உருண்டு போர்த்மாடாக் துறைமுகத்துக்கு இறங்கின. காலி வேகன்களைக் குதிரைகள் மேலே இழுத்தன, இறங்கும்போது அந்தக் குதிரைகளும் ஒரு தனி வண்டியில் ஏறிக்கொண்டன! 1863-ல் நீராவி இன்ஜின்கள் வந்தன, 1865-ல் பயணிகள், 1869-ல் இரட்டைத்தலை ஃபேர்லி இன்ஜினான (இரு முனையிலும் புகைபோக்கி உள்ள வகை) லிட்டில் வொண்டர். நீராவி வந்த பிறகும் கீழே போகும் ஸ்லேட் வண்டிகள் இன்ஜின் இல்லாமல், பிரேக் பிடிக்கும் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு உருண்டுகொண்டுதான் இருந்தன.

மாடல் செய்பவருக்கு இதெல்லாம் நேரடியாக வேலைக்கு ஆகும் விஷயம். ஃபெஸ்டினியாக்கின் பழைய இன்ஜின்களில் ஒன்றான பிரின்ஸ் வந்த புதிதில் ஓட்டுநருக்கு மேல் கூரை இல்லை. இன்று ஓடும் பிரின்ஸின் படத்தை வைத்து 1860-களின் காட்சியைச் செய்தால் கூரையும் சேர்ந்து வந்துவிடும். புத்தகத்தில் உள்ள வரைபடங்களில் டிவைடரை வைத்து வைத்து, ஸ்லேட் வேகன் பக்கத்தின் ஓரம் என் பிரதியில் நைந்தே போய்விட்டது. பக்கவாட்டில் சட்டங்கள் மட்டும் உள்ள அந்தச் சின்ன வேகனுக்குள் ஸ்லேட் தகடுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குவார்கள். அந்த அடுக்கைச் சரியாகச் செய்துவிட்டால் வண்டிக்கே தனிக் களை வந்துவிடுகிறது.

வேல்ஸின் இன்னொரு நேரோ கேஜ் பாதையான டாலிலினுக்கு நான் எடுப்பது எல். டி. சி. ரோல்ட் எழுதிய ‘ரயில்வே அட்வென்ச்சர்’. 1951-ல் தன்னார்வலர்கள் அந்தப் பாதையை ஏற்று நடத்தத் தொடங்கிய கதை, முன்னின்று நடத்தியவரே சொல்வது. அளவுகள் கிடைக்காது. ஆனால் புல் மூடிய தண்டவாளம், உளுத்த ஸ்லீப்பர் கட்டைகள், ஓடத் தகுதியான ஒரே ஒரு பழைய இன்ஜின் என்று அந்த நாளின் நிலைமை மனதில் நன்றாகப் பதிந்துவிடும். என் தண்டவாளத்துக்கு இடையே எவ்வளவு புல் ஒட்டுவது என்பதை இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

டாலிலினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதை கட்டி முடித்த பிறகு, பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை என்று அரசு ஆய்வாளர் கண்டுபிடித்தார். அதனால் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள், பெட்டிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்தார்கள், பிளாட்பாரங்களும் அந்தப் பக்கமே அமைந்தன. மாடலில் எதிர்ப் பக்கம் ஒரு பிளாட்பாரம் வைத்தால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

எந்தப் பாதையின் புத்தகத்தை முதலில் வாங்குவது என்பது உங்கள் அளவுகோலையும் பொறுத்தது. ஓஓ9 என்ற மாடல் அளவில் எல்லாமே நிஜத்தைவிட 76.2 மடங்கு சிறியது, தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். அதை 76.2-ஆல் பெருக்கினால் 2 அடி 3 அங்குலம், அதாவது டாலிலின், காரிஸ் என்ற இரண்டு வேல்ஸ் பாதைகளுக்கும் உரிய அதே அகலம். ஃபெஸ்டினியாக்கின் அகலம் 597 மில்லிமீட்டர்தான். அதே அளவுகோலில் அது 8 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, ஆகவே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் வைக்கும்போது பாதை அகலமாகத் தெரியும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு உறுத்தும். அதனால்தான் என் ஓஓ9 வேலை டாலிலின் பக்கம் போனது, ஃபெஸ்டினியாக் வேகன்களைப் பெரிய அளவில் தனியாகச் செய்கிறேன்.

இந்தப் பழைய புத்தகங்களில் எனக்குள்ள பெரிய குறை நிறம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து ஒரு பெட்டி பச்சையா சிவப்பா என்று சொல்ல வழியில்லை. எழுத்தில் வரும் வர்ணனைகளைத் தேடிக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது, பெரும்பாலானவை பழைய பிரதிகளாகத்தான் கைக்கு வரும். எனக்கு வந்த ஒன்றில் மடித்து வைக்கும் வரைபடத்தை யாரோ கிழித்தெடுத்திருந்தார்கள், விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் கொடுக்கும் முன் வரைபடப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அட்டை நைந்திருந்தாலும், உள்ளே பென்சில் குறிப்புகள் இருந்தாலும் தயங்க வேண்டாம். நமக்கு முன் அதை வைத்திருந்தவரும் பெரும்பாலும் மாடல் செய்தவராகத்தான் இருப்பார், அவர் ஓரத்தில் போட்டு வைத்த கணக்குகள் பல முறை எனக்கு உதவியிருக்கின்றன.