ரமணாசிரமம்: கடவுளைக் காட்டுகிறேன் என்று சொல்லாத இடம்

முதலில் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய விவரம். ரமண மகரிஷியின் ஆசிரமம் திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், ஆட்டோக்காரரிடம் 'ரமணாசிரமம்' என்று சொன்னால் போதும், வழி சொல்லத் தேவையில்லை. தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் சில வாரங்களுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது, மனமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம். பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான் இடம் தருவார்கள். கார்த்திகை தீபம், ரமணர் ஜெயந்தி சமயத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்பா பெரியார் கட்சி, அம்மா வெள்ளிக்கிழமை விரதம். கடவுள் உண்டா இல்லையா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சண்டை நடக்கும், ரசம் ஊற்றுவதற்குள் முடிந்துவிடும், மறுநாள் அதே இடத்தில் தொடங்கும். அதைக் கேட்டு வளர்ந்த எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ரெண்டு பேரும் யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறார்கள், ரெண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இல்லை. இல்லை என்பவர் எங்கே தேடிவிட்டு இல்லை என்கிறார், உண்டு என்பவர் எங்கே பார்த்துவிட்டு உண்டு என்கிறார்?

பார்க்கத்தான் வேண்டும் என்ற ஆசையில் ஆசிரமத்துக்கு முன்னால் வேறொரு இடத்துக்குப் பணம் கட்டிப் போனேன், பெயர் வேண்டாம். ஓட்டல் அரங்கம் ஒன்றில் வாரக்கடைசி வகுப்பு, 'தெய்வத்தை நேரடியாக அனுபவியுங்கள்' என்று பேனர். இருட்டு, காது கிழியும் சத்தத்தில் பாட்டு, எல்லாரையும் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். பாதிப் பேர் அழுதார்கள், நானும் அழுதேன், அழுகை நிஜம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கைப் போட்டதும் மேடையில் இருந்தவர், இது முதல் படிதான், முழு அனுபவம் அடுத்த நிலை வகுப்பில் என்று ஆரம்பித்தார். அடுத்த நிலைக்குக் கட்டணம் மூன்று மடங்கு. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ரமணாசிரமம் போனால் ஆள் திகைத்துத்தான் போவான், ஏனென்றால் அங்கே யாரும் நம்மிடம் எதுவும் சொல்வதில்லை. அலுவலகத்தில் பெயர் எழுதிக்கொண்டு சாவி கொடுக்கிறார்கள், சாப்பாட்டு நேரம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்பு இல்லை, தீட்சை இல்லை, இப்போது அங்கே குரு என்று உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் உடலை விட்டார். (அந்த நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோன் அப்போது அங்கே இருந்தார், வானத்தில் ஒரு ஒளி மலைப்பக்கமாக நகர்ந்து போனதைப் பார்த்துவிட்டு உடனே மணி பார்த்திருக்கிறார். அதை எரிகல் என்று எடுத்துக்கொள்வதோ வேறெதாவது என்று எடுத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம்.) அவருக்குப் பின் குரு பீடம் என்று யாரையும் உட்கார வைக்கவில்லை. இந்த நாட்டில் இது சாதாரண விஷயமா, யோசித்துப் பாருங்கள்.

என்னோடு வந்த நண்பன் கறுப்புச் சட்டைக் குடும்பத்துப் பையன். கிளம்பும்போதே "வர்றேன்டா, ஆனா திருநீறு பூசச் சொன்னா திரும்பிடுவேன்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் வந்தான். அவனிடம் யாரும் பூசச் சொல்லவில்லை. நீ ஆத்திகனா நாத்திகனா என்று கேட்கவும் இல்லை. சமாதி மண்டபத்தைப் பார்த்துவிட்டு, "கடைசில இவரையும் லிங்கமாக்கிட்டாங்களே" என்றான். அது உண்மைதான். ரமணர் சமாதி மேல் லிங்கம் இருக்கிறது, அபிஷேகம் நடக்கிறது, பக்கத்திலேயே அவர் தாயார் அழகம்மாளின் சமாதி மேல் மாத்ருபூதேஸ்வரர் கோயில், காலையிலும் மாலையிலும் வேத பாராயணம். சடங்கே இல்லாத இடம் என்று யாராவது சொல்லி நம்பிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். ஆனால் அதில் கலந்துகொள்ளாமல் ஒரு தூணோரமாக உட்கார்ந்திருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இடத்தின் சரக்கு என்ன என்று தெரிய வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். 1896 ஜூலை, வேங்கடராமன் என்று ஒரு பையன், பிற்பாடு ரமணர் ஆனவர் இவர்தான், வயது பதினாறு, படிப்பில் பெரிய அக்கறை இல்லை, விளையாட்டில் கெட்டி. சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கை காலை விறைப்பாக நீட்டிப் பிணம் போலப் படுத்துக்கொண்டு, சரி, உடம்பு செத்தாகிவிட்டது, இதைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள், அப்போது 'நான்' செத்துவிட்டேனா என்று உள்ளுக்குள்ளே பார்த்தான். உடம்பு போனாலும் போகாத ஒன்று அங்கே இருப்பது பளிச்சென்று தெரிந்தது என்பதுதான் பிற்பாடு அவர் சொன்னது. அந்தப் பையன் அதுவரை வேதாந்தம் எதுவும் படித்ததில்லை. நாயன்மார் கதைகள் படித்திருந்தான், மற்றபடி ஊரில் எல்லாரையும் போல கோயிலுக்குப் போய் வருவான். கண்டது முதலில், அதற்குப் பெயர் என்ன என்று தெரிந்தது பல வருஷம் கழித்து. நம்மில் பலருக்கு நேர் தலைகீழ், பெயரெல்லாம் மனப்பாடம், கண்டதுதான் இல்லை.

சில வாரத்தில் அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒழுங்காக வைத்துவிட்டு, தேட வேண்டாம் என்று சீட்டு எழுதிவிட்டு ரயிலேறினான். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அப்புறம் ஐம்பத்துநாலு வருஷம் இந்த மலையடிவாரத்தை விட்டு நகரவில்லை. மலைமேல் விருபாக்ஷ குகை, ஸ்கந்தாசிரமம், 1922-இல் தாயார் இறந்த பிறகு கீழே இப்போதைய ஆசிரமம்.

பழைய ஹால் என்று ஒன்று இருக்கிறது. ரமணர் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த அறை, அவர் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவர் படம். சின்ன அறை, தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நான் அதிக நேரம் இருந்தது அங்கேதான். செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், அதை 1902-இலேயே சொல்லிவிட்டார். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு ஊழியர் மலைக்கு வந்து கேள்வி கேட்க, பேசாமல் இருந்த காலம் என்பதால் ரமணர் எழுதியே பதில் சொன்னார், அதுதான் பிற்பாடு 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம். ஒரு நினைப்பு வந்தால் அதன் பின்னாலேயே ஓடாதே, இது யாருக்கு வந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று பார். அவ்வளவே. மந்திரம் இல்லை, மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லை, எந்தக் கடவுளையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் சொல்வதும் இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து பாருங்கள் தெரியும். எனக்கு முதலில் வந்தது முட்டி வலி, அப்புறம் வீட்டுக்கடன் தவணை, அப்புறம் அலுவலகத்தில் போன வாரம் ஒருவன் பேசிய பேச்சு, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வரி வரியாக. யாருக்கு, யாருக்கு என்று கேட்டதும் கொஞ்ச நேரத்தில் இன்னொரு மந்திரமாகி வாய்ப்பாடு போல ஓட ஆரம்பித்துவிட்டது, அது கேள்வியே இல்லை என்று புரியவே வெகு நேரமாயிற்று. ஒரு நாள் மதியம், எதையும் எதிர்பார்க்காமல் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த நினைப்பு வரவில்லை. தூக்கம் இல்லை, வெளியே மயில் கத்துவதும் செங்கம் சாலையில் பஸ் ஹாரனும் கேட்கிறது, ஆனால் கேட்கிறவன் என்று தனியாக ஒருத்தன் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. உடனே உள்ளே ஒரு குரல், ஆஹா, வந்துவிட்டது! அவ்வளவுதான், போயிற்று.

எனக்கு இந்த இடத்தின் மீது மரியாதை வந்தது அதற்கப்புறம்தான். ஓட்டல் வகுப்பில் என்றால் அந்த நிமிஷத்தை மைக்கில் சொல்லச் சொல்லியிருப்பார்கள், சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். இங்கே அந்த 'வந்துவிட்டது'வையும் அதே கேள்வி பிடித்துக்கொள்கிறது: யாருக்கு வந்தது? ஒளி தெரிந்தது, சிலிர்த்தது, அழுகை வந்தது என்று எதைக் கொண்டு போனாலும் ரமணரிடம் பதில் இந்தத் திசையில்தான் இருக்கும். வந்தது என்றால் போகும், போகிறதைப் பிடித்து வைத்து என்ன பயன், அதைப் பார்த்தவன் யார். அனுபவத்தைத் தேடி வருகிறவனிடமிருந்து அனுபவத்தையும் பிடுங்கிக்கொள்கிற இடம் இது. என் கணிப்பில் இதுதான் நேர்மையான வியாபாரம், ஏனென்றால் விற்பதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த மதியம் நான் கண்டது கடவுளா என்று கேட்டால் தெரியாது என்பேன், ஆனால் சாப்பாட்டு மேசைச் சண்டையில் உண்டு, இல்லை என்று அடித்துப் பேசின ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அம்மா போன்றவர்களுக்கு இங்கே வழியில்லையா என்றால் இருக்கிறது, அதுவும் லேசான வழி அல்ல. கடவுள் உண்டு என்று நம்புகிறாயா, சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிடு என்கிறார். ரயிலில் ஏறின பிறகும் மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறாய் என்று அந்தச் சின்னப் புத்தகத்திலேயே கேட்கிறார். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். எல்லா வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்துவிட்டு, என் தங்கை கல்யாணத்தை நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது அவருக்குச் சரிப்பா, எனக்கு மூட்டை பெருசு" என்றார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஆட்கள் மன்னிக்க மாட்டார்கள். தரையில் வரிசையாக உட்கார வேண்டும், இலையில் பரிமாறுகிறார்கள், காலையில் இட்லி, மதியம் சாதம், சாம்பார், ரசம், மோர், சுடச்சுட, நிதானமான காரம். பக்கத்தில் ஜெர்மனிக்காரர் ஒருவர் ரசத்தை இலையிலிருந்து ஒரு சொட்டு ஓடவிடாமல் சாதத்தில் அணை கட்டிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. மதியம் முதலில் வெளியே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சாப்பாடு, அப்புறம்தான் நமக்கு, அந்த வரிசை ரமணர் காலத்து வழக்கம். அவரே விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கினவர், தனக்கென்று கூடுதலாக ஒரு கரண்டி வைத்தாலும் ஒத்துக்கொள்ளாதவர். அறைகள் எளிமையானவை, சுத்தம், கட்டில், மின்விசிறி. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஊரில் லாட்ஜ் நிறைய இருக்கிறது.

சாயங்காலம் தமிழ்ப் பாராயணத்தைத் தவறவிடாதீர்கள். ரமணர் எழுதிய பாடல்களை ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடுகிறார்கள், ராகம் போட்டு இழுப்பதில்லை. என் நண்பன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தானும் சேர்ந்து படித்தான். கேட்டால் தமிழ் நன்றாக இருக்கிறது என்றான், இருக்கட்டும்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது? கை பிடித்து ஒருவர் அழைத்துப் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. உட்கார்ந்தால் எப்படி உட்கார வேண்டும் என்று கூடச் சொல்ல ஆள் இல்லை, இரண்டாம் நாளே சலித்துப்போய்ச் சிலர் கோயில், ஷாப்பிங் என்று ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவதைப் பார்த்தேன். மனசு மிகவும் உடைந்துபோயிருக்கிற நேரத்தில் தனியாக இங்கே வந்து மணிக்கணக்கில் தன்னையே பார்த்துக்கொண்டு உட்காருவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதற்கு மருத்துவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள்.

போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து வார நாளில் போங்கள், கிரிவலக் கூட்டத்தில் சாலை முழுக்க நெரிசல். ஆசிரமத்தின் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை இருக்கிறது, நிதானமாக ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம், குரங்கு விடாது. புத்தகக் கடையில் அந்த 'நான் யார்?' சில ரூபாய்தான், பெரிய தொகுதிகளை அள்ளுவதற்கு முன்னால் அதை முதலில் வாங்குங்கள், அரை மணியில் படித்துவிடலாம்.