463எல் பேலட்: தாங்குவது எவ்வளவு, கெடுவது எங்கே

463எல் பேலட் என்பது ராணுவச் சரக்கு விமானத்தின் ரோலரில் உருண்டு உள்ளே போகும் சரக்குத் தட்டு. இதன் நடுவே இருப்பது பால்சா மரம். பொம்மை விமானம் செய்கிற அதே மரம்தான். மேலும் கீழும் அலுமினியத் தகடு. அளவு 88×108 அங்குலம், கனம் 2¼ அங்குலம். வெறும் எடை 290 பவுண்டு, சரக்கைக் கட்டும் மூன்று வலைகளையும் சேர்த்தால் 355. ஏற்றக்கூடியது 10,000 பவுண்டு. எடைக்கு இவ்வளவு தாங்குவது பெரிய விஷயம்தான்.

ஆனால் முழுத் தட்டிலும் சரக்கை அடுக்க முடியாது. ஓரத்து வளையங்களுக்காகச் சுற்றிலும் 2 அங்குலம் விட வேண்டும். கைக்கு வருவது 84×104. வளையங்கள் 22, ஒவ்வொன்றும் 7,500 பவுண்டு இழுவையைத் தாங்கும்.

பலவீனம் மொத்த எடையில் இல்லை, எடை ஒரே புள்ளியில் இறங்குவதில்தான் இருக்கிறது. வரம்பு சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. 8,000 பவுண்டு இயந்திரம் ஒன்று, 2×2 அங்குலப் பாதம் நான்கில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு பாதத்தில் 2,000 பவுண்டு, அதாவது சதுர அங்குலத்துக்கு 500. தகடு குழிந்துவிடும். பாதத்துக்கு அடியில் 2 அங்குலக் கனப் பலகை போட்டால் பாரம் 45 டிகிரியில் விரிந்து 6×6 அங்குலத்தில் பரவும். அழுத்தம் 56 பவுண்டுக்குள் அடங்கிவிடும். பலகையின் எடையையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

பெரும்பாலான தட்டுகள் வானத்தில் கெடுவதில்லை, தரையில்தான் கெடுகின்றன. தட்டை வெறுந்தரையில் வைக்காமல் மூன்று கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். கட்டை இல்லாவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் முள் நுழைய இடமின்றி அடித்தகட்டைக் குத்திக் கிழிக்கும். அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் பால்சா ஊறும், தகடு பிரிந்து உப்பும். அப்புறம் அது ரோலரில் சீராக ஓடாது. ஓரம் நசுங்கியிருந்தால் விமானத்தின் பக்கத் தண்டவாளத்தில் தட்டைப் பிடித்து நிறுத்தும் லாக், தட்டின் ஓரப் பள்ளத்தில் சரியாக விழாது. இதில் எந்தக் குறை தெரிந்தாலும் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுவதே சரி.

வலைகளைப் பற்றி அவ்வளவு நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் இரண்டு பக்க வலைகளைத் தட்டு வளையங்களில் மாட்டி, மேல் வலையைப் போட்டு, எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் அடுக்கு சாயும். நைலான் நனைந்தால் தொய்யும். ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை இறுக்கியே ஆக வேண்டும். பக்கத்துக்கு இரண்டு ஆள் இருந்தால்தான் வேலை ஓடும்.

எந்த விமானம் என்று தெரியாமல் அடுக்கத் தொடங்காதீர்கள். சி-130 சரக்கு விமானத்தில் 108 அங்குலப் பக்கம் விமானத்தின் அகலவாக்கில் குறுக்காக இருக்கும். அதைவிடப் பெரிய சி-17இல் இரண்டு வரிசையாக 18 தட்டு ஏற்றும்போது 88 அங்குலப் பக்கம்தான் குறுக்காக வரும். வலை 96 அங்குல உயரத்துக்கு இடம் கொடுத்தாலும், சி-130இன் பின்பக்கக் கதவான சாய்தளத்தில் நிற்கும் கடைசித் தட்டுக்கு 76 அங்குலமும் 4,664 பவுண்டும்தான் வரம்பு. அதைத் தாண்டி அடுக்கியிருந்தால் வலையை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான்.