எஸ்எஸ்எஸ்டி: வேகமெல்லாம் சரி, அந்த 90 நிமிடம்தான்

லினக்ஸ் இயந்திரங்களை எல்டாப் சர்வரோடு (எல்லோருடைய பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர்) இணைக்க எஸ்எஸ்எஸ்டி போடலாமா என்று நண்பர் கேட்டார். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓடி, அந்தக் கணக்கு விவரங்களை வாங்கிச் சேமித்து வைக்கும் மென்பொருள் அது. அதோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. பலருடைய கோப்புகள் கிடக்கும் டைரக்டரியில் பட்டியல் பார்க்க எல்எஸ் -எல் அடித்தால், ஒவ்வொரு உரிமையாளரின் யுஐடிக்கும் (பயனர் எண்) பெயர் தேட வேண்டும். கேஷ் (கிடைத்த பதிலைச் சேமித்து வைக்கும் இடம்) இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் நெட்வொர்க் தாண்டிப் போய்வரும். பெயரே வேண்டாம், எண் போதும் என்று -என் போட்டுக்கொண்ட காலம் உண்டு. எஸ்எஸ்எஸ்டியில் ஒருமுறை கிடைத்த பதில் அந்த இயந்திரத்திலேயே இருப்பதால், அடுத்த முறை சட்டென்று வந்துவிடுகிறது.

எரிச்சல் அந்தக் கேஷின் ஆயுளில். டீஃபால்ட் 5400 நொடி, அதாவது ஒன்றரை மணி நேரம். ஒருவரின் ஹோம் டைரக்டரியை எல்டாப்பில் மாற்றுகிறேன். ஒரு இயந்திரம் புதியதைக் காட்டுகிறது, பக்கத்து இயந்திரம் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. "மாத்திட்டேன்னு சொன்னீங்களே சார்?" என்று போன் வரும். அப்புறம் ஒவ்வொரு இயந்திரத்திலும், பழைய பதில்களைக் காலாவதியாக்கும் எஸ்எஸ்எஸ்_கேஷ் கட்டளையை ஓட்ட வேண்டும். ஆயுளைக் குறைத்தாலோ, காலையில் எல்லோரும் உள்ளே வரும் நேரத்தில் எல்டாப் சர்வருக்கு மூச்சு வாங்குகிறது.

இதே மாதிரி பதில்களைச் சேமிக்கும் பழைய மென்பொருளான என்எஸ்சிடி, பயனர் விவரத்தை 600 நொடியில் விட்டுவிடும், அதுவே மேல் என்று கோபத்தில் தோன்றும். ஆனால் அது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலைக்கு வராது. எல்டாப் படுத்தால் லாகினும் படுத்துவிடும். எஸ்எஸ்எஸ்டியில் கேஷ்_கிரெடென்ஷியல்ஸ் என்ற அமைப்பை இயக்கி வைத்தால், முன்பே லாகின் செய்தவர் சர்வர் இல்லாமலும் உள்ளே வரலாம். ஒரு இரவு முழுக்க எல்டாப் கிடையாது, யாரும் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு இதைக் கும்பிடத் தோன்றியது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். உங்களிடம் இருப்பது நாற்பது பேர். எல்டாப் இல்லாமல், ஒவ்வொரு இயந்திரத்திலும் உள்ள பயனர் பட்டியலான இடிசி பாஸ்வேர்ட் கோப்பே போதும். அதை லினக்ஸ் முதல் வரியிலிருந்து படித்துத்தான் தேடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இருப்பது மாதிரி, சட்டென்று தேட ஹாஷ் செய்த தரவுத்தளமெல்லாம் அதற்கு இயல்பாகக் கிடையாது. நாற்பது வரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பல இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான ஆன்சிபிளில் எல்லா இயந்திரத்திலும் பயனர்களைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

என் இயந்திரங்களிலிருந்து எஸ்எஸ்எஸ்டியை நான் எடுத்துவிடுவேனா என்று கேட்காதீர்கள். மாட்டேன்.