மூன்று நாள் சோழிங்கநல்லூர், இரண்டு நாள் குரோம்பேட்டை: மூன்று வருட ஹைபிரிட் வேலை அனுபவம்

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் டீம் லீட். வீடு சென்னை குரோம்பேட்டையில், ஆபீஸ் சோழிங்கநல்லூரில். 2022 செப்டம்பரிலிருந்து ஹைபிரிட் முறையில், அதாவது சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்று, வேலை செய்கிறேன். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் என்றார்கள், அடுத்து இரண்டு நாள், 2024 தொடக்கத்திலிருந்து மூன்று நாள். மூன்று விதமாகவும் இருந்து பார்த்துவிட்டேன். மேனேஜரிடமும் வீட்டிலும் இதற்காக நிறையப் பேசிப் பேசித்தான் ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வர முடிந்தது. இப்போதுதான் ஹைபிரிட்டுக்கு மாறுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கட்டடம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவசரமாகக் கம்ப்யூட்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் 2022 ஜூலையில் மத்திய அரசு அந்த மண்டலங்களுக்கான விதிகளில் 43ஏ என்று ஒன்றைச் சேர்த்து, முதலில் பாதி ஊழியர்கள் வரை, அதே ஆண்டு டிசம்பரில் எல்லோருக்கும், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தது. எங்கள் ஹைபிரிட் கொள்கை அந்தச் சமயத்தில்தான் எழுத்தில் வந்தது.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், முடிவுகள் பாதி அதிலிருந்துதான் வந்தன. பல்லாவரம் போய் துரைப்பாக்கம் 200 அடி சாலையைப் பிடித்து, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை தாண்டி ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வலது பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வழிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். ஏழரைக்குக் கிளம்பினால் ஸ்கூட்டரில் 50 நிமிடம். எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணி 20 நிமிடம் ஆகிவிடும். மேடவாக்கம் வழியாகப் போகலாமே என்பார்கள். ஓஎம்ஆரில் மாதவரம் - சிப்காட் மெட்ரோ வேலை நடக்கிறது, மேடவாக்கம் பக்கம் மாதவரம் - சோழிங்கநல்லூர் பாதை வேலை நடக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் தடுப்புகள்தான். காலையில் சீக்கிரம் கிளம்பும் நாட்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது கூழைக்கடாக்கள் கூட்டமாக இருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ஏழரைக்குக் கிளம்பலாம்.

செலவையும் ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல், போய்வர ஒரு நாளைக்கு 80 ரூபாய் ஆகிறது. மதியச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தால் 220, 230 வந்துவிடும். வீட்டு நாட்களும் இலவசம் இல்லை. எங்கள் வீட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, தாண்டினால் கட்டண அடுக்கே மாறி விடும். ஏப்ரல், மே மாதங்களில் நான் பகலில் ஏசி போட்டால் கண்டிப்பாகத் தாண்டும். கூட்டிக் கழித்தால் மிச்சம் வீட்டு நாளில்தான், ஆனால் நினைத்த அளவு இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் இருந்தபோது ஆளுக்கு ஒரு நாளில் போனோம். எனக்கு வியாழன் வசதி, இன்னொருவருக்குத் திங்கள். ஆபீஸ் போய், ஆப்பில் புக் செய்த சீட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஃபைனான்ஸ் ஆள், இன்னொரு பக்கம் வேறு புராஜெக்ட். என் டீம் ஆட்களோடு ஹெட்செட் போட்டுக்கொண்டு வீடியோ காலில் பேசிவிட்டு சாயங்காலம் திரும்பி வருவேன். இதை எட்டு மாதம் செய்தேன். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் செலவழித்து, வீட்டில் செய்திருக்கக்கூடிய அதே வேலையைச் செய்துவிட்டு வந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மாற்றம் வந்தது ஒரு சின்னப் பெண்ணால். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்லூரி முடித்து 2022-ல் நேராக ஆன்லைனில் சேர்ந்தவள். வேலையெல்லாம் சரியாகத்தான் முடிப்பாள், ஆனால் தினமும் இரவு ஒன்பது, பத்து மணி வரை லாகின் இருக்கும். "எதாவது கஷ்டமா இருக்காம்மா?" என்று சாட்டில் கேட்டால் "இல்லக்கா, ஓகேக்கா" என்று பதில் வரும். 2023-ல் ஒரு நாள் தற்செயலாக இருவரும் ஆபீஸில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்தோம். அவள் டெஸ்ட் டேட்டாவை (சோதனைக்கான மாதிரித் தகவல்களை) எக்செல்லில் ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தானாகவே செய்துவிடும் சின்ன புரோகிராம், ஸ்கிரிப்ட், எங்களிடம் இருக்கிறது. பல வருடமாக இருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாததால் அவளும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தேன். தினம் இரண்டு மணி நேரம் அதற்கே போயிருக்கிறது, மாதக் கணக்கில். அன்றைக்கு நான் ஸ்கூட்டரில் திரும்பும்போது அதே நினைப்புதான். அது என் பொறுப்பு, நான் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாளே டீமில் பேசினோம். எல்லோரும் ஒரே நாட்களில் வருவது என்று முடிவு செய்தோம். மேனேஜர் முதலில் தயங்கினார், அவரவர் வசதிப்படி விட்டால்தான் ஆட்கள் நிற்பார்கள் என்று நினைத்தார். பிற்பாடு 2024-ல் மூன்று நாள் விதி வந்தபோது, மிச்சமிருக்கும் இரண்டு வீட்டு நாட்களையும் எடுத்துவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம் வந்தது. அந்த ஜூனில் நேச்சர் இதழில் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் புதனும் வெள்ளியும் வீட்டு வேலை என்று ஆறு மாதம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. வேலையை விடுவது குறைந்தது முக்கியமாகப் பெண்களிடமும், மேனேஜர் அல்லாதவர்களிடமும், தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும். அந்த மூன்றில் இரண்டு எனக்கும் பொருந்தும். கட்டுரையை மேனேஜருக்கு அனுப்பினேன். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அங்கே நாட்களை எல்லோருக்கும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள் என்பது. எங்கள் டீமுக்கு நாட்களை நாங்களே முடிவு செய்துகொள்ள அனுமதி கிடைத்தது.

எந்த மூன்று நாள்? இதில்தான் நிறைய தவறு செய்தோம். முதலில் திங்கள், புதன், வெள்ளி என்று விட்டு விட்டு வைத்தோம். மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் ஐந்தரைக்கு எழுந்து சமையல், மறுநாள் ஏழு மணிக்கு எழுந்திருப்பது என்று தூக்கம் கெட்டது. சார்ஜர் ஆபீஸில், நோட்டு வீட்டில் என்று பொருள்கள் அலைந்தன. ஒரு வேலையில் ஆழமாக உட்காருவதற்குள் அடுத்த நாள் கிளம்ப வேண்டியிருக்கும்.

அடுத்து செவ்வாய், புதன், வியாழன். இது பெரும்பாலான டீம்கள் தேர்ந்தெடுக்கும் நாட்கள், அதனாலேயே சிரமம். சீட் கிடைக்காது, மீட்டிங் ரூம் கிடைக்காது, ஃபுட் கோர்ட்டில் தட்டோடு நிற்க வேண்டும். வியாழக்கிழமை இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் கிளையன்ட் இங்கிலாந்தில். வியாழன்தோறும் அவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு, மென்பொருள் வெளியீடு பற்றிப் பேசும் ரிலீஸ் மீட்டிங். கோடையில் அது நமக்கு ஏழரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டால் மார்ச் கடைசி வரை எட்டரை மணி. மீட்டிங்கை முடித்துக் கிளம்பி வீட்டுக்கு வந்தால் மழைக்காலத்தில் பத்தரை ஆகிவிடும். பையன் தூங்கியிருப்பான்.

இப்போது திங்கள், செவ்வாய், புதன் ஆபீஸ். வியாழன், வெள்ளி வீடு. இதுதான் நிலைத்தது. திங்கள் காலையில் ரோடு நெரிசல்தான், அதை ஏழரைக்குக் கிளம்பிச் சமாளித்துக்கொள்கிறேன். திங்களன்று ஆபீஸில் சீட் தாராளமாகக் கிடைக்கிறது, டீம் முழுக்க ஒரே வரிசையில் உட்கார முடிகிறது. வாரத்தின் குழப்பங்களை, எந்த டிஃபெக்ட் (மென்பொருள் பிழை) யாருக்கு, எது அவசரம் என்பதை, முகம் பார்த்துப் பேசி முதல் மூன்று நாளில் முடித்துவிடுகிறோம். டெஸ்ட் பிளான் எழுதுவது, பழைய டிஃபெக்ட்களை ஆராய்வது, மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்துவது எல்லாம் வியாழன், வெள்ளிக்கு. வியாழன் இரவு ரிலீஸ் மீட்டிங்கை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, நாலு அடி நடந்து பையன் பக்கத்தில் போய் உட்காரலாம்.

தனியாகப் பேச வேண்டியவற்றை ஆபீஸ் நாளில்தான் பேசுகிறேன். வேலையை விட நினைக்கிறேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை போன்றவற்றை யாரும் வீடியோ காலில் சொல்லி நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டு கை கழுவப் போகும் வழியில்தான் சொல்வார்கள்.

வீட்டு நாட்களைப் பற்றி ஆண்கள் எழுதும் அனுபவங்களில் மேசை, நாற்காலி, இன்டர்நெட் வேகம் பற்றி நிறைய இருக்கும். அவை வேண்டும்தான். ஒரு வருடம் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலி வந்த பிறகே நல்ல நாற்காலி வாங்கினேன், அதை முதல் மாதமே வாங்கியிருக்க வேண்டும். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை கரண்ட் நிறுத்தும் நாளை முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் வைஃபை ரூட்டர் அந்த லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எனக்குப் பெரிய பிரச்சினை வேறு.

என் கணவர் வங்கியில் வேலை, அவருக்கு எல்லா நாளும் ஆபீஸ். அதனால் நான் வீட்டில் இருக்கும் நாள் என்றால் கேஸ் சிலிண்டர், பிளம்பர், கூரியர், ஸ்கூல் போன் எல்லாம் அந்த நாளுக்கு வந்து சேர்ந்தன. அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்கிறவர் இல்லை. "வீட்டுலதானேம்மா இருக்க, செத்த மாவு அரைக்கப் போட்டுடேன்" என்பார். மாவு அரைப்பது கால் மணி நேர வேலைதான். ஆனால் அப்படி நாலு கால் மணி நேரம் போனால், அன்றைய வேலையை முடிக்க இரவு பதினொன்று ஆகும். ஆபீஸ் நாளில் யாரும் என்னை மாவு அரைக்கக் கூப்பிட மாட்டார்கள். அந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. சொன்ன பிறகு அத்தை சுலபமாகப் புரிந்துகொண்டார். சிலிண்டரும் பிளம்பரும் சனிக்கிழமைக்கு மாறின. ஸ்கூல் போன் கணவர் நம்பருக்கு முதலில் போகும்படி மாற்றினோம். வெள்ளிக்கிழமை காலையில் வீடு கழுவி, பூஜை, சாம்பிராணி என்று வீடு பரபரப்பாக இருக்கும். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அன்று மீட்டிங்குகளை 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறேன்.

பையனுக்கு வேறு ஒரு வழி செய்தோம். வீட்டிலும் மீட்டிங் நேரத்தில் ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். கார்டு இருந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள், கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் வரலாம். அப்போது அவனுக்கு ஆறு வயது, இரண்டு நாளில் பழகிக்கொண்டான். எனக்கும் இதில் லாபம் இருக்கிறது. கார்டை ஆணியில் மாட்டிய பிறகு லேப்டாப்பைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வியாழன் தவிர மற்ற நாட்களில் ஆறரைக்கு மாட்டிவிடுகிறேன்.

எல்லாம் கை மீறிய ஒரு வாரமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு மேல் கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர். ஆபீஸும் போக முடியாது, வீட்டிலிருந்தும் முடியாது. அந்த நாட்களை முதலில் லீவில் கழித்தார்கள், டீமாகச் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகு திருப்பித் தந்தார்கள். உங்கள் நிறுவனத்தின் கொள்கையில் இப்படிப்பட்ட நாளுக்கு என்ன என்று இருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் எனக்கு இன்னும் ஒப்பாதது ஸ்வைப் கணக்கு. மாதத்துக்கு 12 நாள் கதவில் கார்டு தேய்த்தால் போதும் என்றால், சிலர் காலையில் வந்து தேய்த்துவிட்டு மதியம் போய்விடுகிறார்கள். டீமோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவருக்கும் அவருக்கும் கணக்கில் வித்தியாசம் தெரியாது. அதை வைத்து அப்ரைசல் பேசுவது தவறு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்தத் திருநெல்வேலிப் பெண் இப்போது வாரம் ஐந்து நாளும் வருகிறாள். ஹாஸ்டலில் ஒரு ரூமில் மூன்று பேர், மேசை கிடையாது. அவளுக்கு வீட்டு நாள் என்றால் கட்டில் மேல் லேப்டாப். எனவே வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் தனியாக இருக்கக்கூடாது என்று, டீமில் பக்கத்தில் குடியிருக்கும் இன்னொருவர் வெள்ளியன்று வருகிறார். கட்டாயம் இல்லை, அவராகவே வருகிறார்.

அடுத்த மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அந்த ஒரு வாரம் முழுக்க வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அடுத்த வாரம் ஐந்து நாளும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் சரி என்றிருக்கிறார்.