வவுச்சர் விடுமுறையா, மாமாவின் வாரமா, சொந்தக் காசா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் மால்களில் குலுக்கல் பெட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று எழுதிப் போட்டால் சில வாரத்தில் அழைப்பு வரும். டிராகன்ஸ்பர்க் மலையிலோ மார்கேட் கடற்கரையிலோ மூன்று நாள், இரண்டு இரவு, நான்கு பேருக்குச் சொற்ப விலையில் அறை. ஒரே ஒரு நிபந்தனை: அங்கே போனதும் தொண்ணூறு நிமிடம் அவர்களுடைய ஹாலிடே கிளப்பைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

என் தங்கைக்கு அப்படி ஒரு வவுச்சர் வந்தது. "கேட்டுவிட்டு வாங்காமல் வந்தால் நமக்கு லாபம்தானே?" என்றார் அவள் கணவர். நியாயமான கேள்விதான். ஆனால் வவுச்சரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் இதற்குப் பதில் வராது. அதே மூன்று நாளை வேறு எப்படிக் கழிக்கலாம் என்று பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு மாற்று வழிகள் இருந்தன: ஏற்கெனவே டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை, வைத்திருக்கும் மாமா பயன்படுத்தாமல் விடும் வாரம், அல்லது யாருக்கும் கடமைப்படாமல் நேராகக் காசு கட்டித் தங்குவது.

முதலில் வவுச்சர். அதில் பெரிய எழுத்தில் இருந்தது ஆறாயிரம் ராண்ட் மதிப்பு என்ற வரி. சின்ன எழுத்தில் இருந்தவை: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும், வயதுக்கு ஒரு வரம்பு, குடும்ப வருமானத்துக்கு ஒரு குறைந்தபட்சம். ஞாயிறு முதல் வியாழன் வரைதான் தங்கலாம், பள்ளி விடுமுறையில் கிடையாது. மூன்று தேதிகளை நாம் எழுதித் தர வேண்டும், எது கிடைக்கும் என்பதை அவர்கள் சொல்வார்கள். முன்பணம் ஒன்று கட்ட வேண்டும், பிரசன்டேஷன் முடிந்த பிறகு அது திரும்பி வரும். பாதியில் எழுந்து போனால் வராது.

தங்கைக்குக் கிடைத்த தேதி புரட்டாசி நடுவில் விழுந்தது. எங்கள் வீடுகளில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. பிராய் போடாமல், அதாவது வெளியில் தீ மூட்டிக் கறி சுடாமல், மலையில் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கு அப்போதே முகம் தொங்கிவிட்டது. அதற்கு மேல், ஞாயிறு முதல் வியாழன் என்றால் பள்ளிக்கு லீவு போட வேண்டும். குழந்தைகள் படிக்கிற வீட்டுக்கு இந்த வகை வவுச்சர் பாதி உபயோகம்தான்.

அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் அந்த அறைக்கு என்ன வாடகையோ அதை வைத்துப் போடுகிற மதிப்பு அது. நாம் போகப்போவதோ செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதே ரிசார்ட்டுக்குப் போன் செய்து, அதே தேதிக்குச் சாதாரண வாடிக்கையாளராக வந்தால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஆள் வராத வார நாட்களில் விலை ஏற்கெனவே இறங்கித்தான் இருக்கும். அந்த விலைக்கும் வவுச்சர் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான மிச்சம். பெட்ரோல், மலைக்குப் போகும் வழியில் மரியன்ஹில்லிலும் மோய் ரிவரிலும் கட்டுகிற டோல், சமையல் சாமான் எல்லாம் வவுச்சரில் போனாலும் சொந்தக் காசில் போனாலும் ஒரே செலவு, அதில் வவுச்சர் ஒரு சென்ட்டும் குறைப்பதில்லை. இப்படிப் போட்டுப் பார்த்தபோது தங்கைக்கு மிச்சம் ஒரு மளிகைச் செலவு அளவுதான் வந்தது. அந்தக் காசுக்காகத்தான் தொண்ணூறு நிமிடம்.

அந்தத் தொண்ணூறு நிமிடம் பெரும்பாலும் தொண்ணூறோடு நிற்பதில்லை. தெரிந்தவர்கள் பலர் அந்த விற்பனை மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் உட்கார்ந்திருக்கிறேன். காபி, கேக், பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு அறை. எதிரே உட்காரும் பையன் நம் பக்கத்துப் பையனாகவே இருப்பான், "அங்கிள், ஆன்ட்டி" என்றுதான் பேசுவான். முதல் அரை மணி நேரம் எதையும் விற்க மாட்டான். போன வருஷம் எங்கே போனீர்கள், எவ்வளவு ஆனது, அப்பா அம்மாவையும் கூட்டிப்போக ஆசை உண்டா என்று கேட்டு, நாம் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவான். பிறகு நாம் சொன்ன தொகையை இருபது வருஷத்தால் பெருக்கி, "இவ்வளவும் வாடகையாகவே போகப்போகிறது அங்கிள்" என்று தாளை நம் பக்கம் திருப்புவான். நாம் சொன்ன எண்தான், அதனால் மறுக்க வாய் வராது. அப்புறம் கிளப்பின் விலை. நாம் தயங்கினால் மேனேஜர் வருவார், அந்த விலையைப் பேனாவால் அடித்துவிட்டுக் கீழே வேறு விலை எழுதுவார். அது இன்றைக்கு மட்டும். அதற்கும் தலையாட்டாவிட்டால் மூன்றாவது ஒருவர், சின்ன பேக்கேஜ் ஒன்றோடும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து காசு எடுக்க அனுமதிக்கும் டெபிட் ஆர்டர் படிவத்தோடும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்த வீடுகள் நம்முடையவை. ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நமக்கு நா எழாது. அறையும் காபியும் கொடுத்து, இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசுகிறவரிடம் 'வேண்டாம்' சொல்வது எவ்வளவு கடினம் என்று வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கணிக்க முடியாது. வாங்காமல் வந்துவிடலாம் என்கிற கணக்கு உடைவது அந்த இடத்தில்தான். அதனால் வவுச்சரை எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் இருவரில் யார், மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகும், காரணம் எதுவும் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்? காரணம் சொன்னால் அதற்குப் பதில் அவர்களிடம் தயாராக இருக்கும். காசில்லை என்றால் தவணை, நேரமில்லை என்றால் கிளப் தரும் பாயிண்ட்ஸைச் சேர்த்து வைக்கலாம், யோசிக்க வேண்டும் என்றால் இன்றைய விலை நாளை இல்லை.

சரி, கையெழுத்துப் போட்டால் என்ன கிடைக்கும்? இப்போது விற்பது பெரும்பாலும் குறிப்பிட்ட வாரமோ குறிப்பிட்ட அறையோ அல்ல, பாயிண்ட்ஸ். வருஷத்துக்கு இத்தனை பாயிண்ட் வரும், அதைக் கொடுத்து இடம் பதிவு செய்யலாம். பள்ளி விடுமுறை என்றால் பாயிண்ட் அதிகம் வேண்டும், இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதோடு வருஷா வருஷம் லெவி என்ற பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் லெவி உண்டு, ஆண்டுதோறும் ஏறும். யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் பாடு. 2017இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இந்தத் தொழிலைப் பற்றிப் பொது விசாரணை நடத்தியபோது மக்கள் வந்து சொன்னதும் இதே குறைகள்தான்: முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம், கேட்ட நாளில் கிடைக்காத இடம், விலக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும் லெவி.

இத்தனையும் சொன்னாலும் டைம்ஷேர் வாங்கியவர்கள் ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. என் மாமா தொண்ணூறுகளில் தெற்குக் கடற்கரையில் ஒரு வாரம் வாங்கினார். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த 1953ஆம் வருஷத்துச் சட்டம் 1990இல்தான் ரத்தானது. அதற்கு முன் நல்ல கடற்கரைகளில் கால் வைக்க முடியாத தலைமுறை அவருடையது. அப்படி ஒரு கரையில், வருஷத்தில் ஏழு நாளாவது, தன் பெயரில் ஒரு வீடு இருக்கிறது என்பது அவருக்கு வெறும் விடுமுறைக் கணக்கு அல்ல. மாமாவுக்கு அந்த வாரம் பெருமை, அதை மதிக்கிறேன். அதே உணர்வைத் தெரிந்துகொண்டு, பென்ஷனில் இருக்கும் நம் பெரியவர்களை இன்றைக்கு அந்த மேசைக்குக் கூட்டிவருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமாவின் வாரத்துக்கு வருவோம். பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், பாதி வருஷங்களில் அந்த வாரம் சும்மா போகிறது. அந்த வீட்டில் ஆறு பேர் படுக்கலாம், சமையலறை இருக்கிறது, கீழே பிராய் போட இடம். அந்த வருஷ லெவியை நாங்கள் ஏற்றுக்கொண்டால் ஏழு இரவு எங்களுக்கு. இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வவுச்சரோடு போட்டி போடும் விலை, எந்த மேசையிலும் உட்கார வேண்டாம், பள்ளி விடுமுறையிலேயே போகலாம். குறை என்றால் ஊரும் தேதியும் நம் கையில் இல்லை, மலைக்குப் போக ஆசைப்படுகிறவருக்குக் கடல்தான் கிடைக்கும். ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனத்தில் அந்த வாரத்தைப் போட்டு வேறு இடம் எடுக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. உரிமையாளர் இல்லாமல் நாம் மட்டும் போகிறோம் என்றால் விருந்தினராக நம் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும், அதற்கும் கட்டணம் இருக்கலாம். இதை மறந்து சாமான்களோடு ரிசப்ஷனில் போய் நிற்கக் கூடாது.

உறவில் யாரிடமும் வாரம் இல்லாவிட்டால் வெளியாரிடமிருந்தும் வாடகைக்கு எடுக்கலாம். லெவிக்காவது காசு வரட்டும் என்று வாரத்தை விடுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே ஒரே எச்சரிக்கை: காசு அனுப்புவதற்கு முன் ரிசார்ட்டுக்கு நீங்களே போன் செய்து, அந்தத் தேதியில் அந்த ஆள் பெயரில் பதிவு உண்டா என்று கேளுங்கள். விளம்பரத்தில் கொடுத்த நம்பருக்கு அல்ல, ரிசார்ட்டின் சொந்த நம்பருக்கு.

சொந்தக் காசில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் நல்ல குணமே. மலைக்கு என்றால் எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் வனவிலங்குத் துறையான எசெம்வேலோவின் முகாம்கள் இருக்கின்றன: ஜயன்ட்ஸ் காசில், டிடிமா, தெண்டேலே. சமையலறையோடு குடில் கிடைக்கும், வாசலில் இறங்கினால் நடைபாதை, ஜயன்ட்ஸ் காசிலில் பூர்வகுடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களையும் பார்த்து வரலாம். ரிசார்ட் மாதிரி நீச்சல் குளமும் பிள்ளைகளுக்கு ஆட்டபாட்டமும் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பத்துக்கு மாமாவின் வாரம்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. இரண்டு பேர் மட்டும், அமைதியாக மலை வேண்டும் என்றால் சொந்தக் காசு. வவுச்சர் யாருக்குப் பொருந்தும்? வார நாளில் லீவு கிடைக்கிற, பள்ளிப் பிள்ளைகள் இல்லாத, கிரெடிட் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் துணிகிற தம்பதிக்கு. அவர்கள் போகட்டும், நன்றாகவே இருக்கும். அப்பா அம்மா பெயரில் வந்த வவுச்சரை மட்டும் தயவுசெய்து அவர்களைத் தனியாக அனுப்பிப் பயன்படுத்த விடாதீர்கள். ஹாலிடே கிளப் உண்மையிலேயே பிடித்துப்போனாலும் அந்த மேசையில் வாங்க வேண்டாம். விற்றுவிட்டு விலகத் துடிக்கிற பழைய உறுப்பினர்களிடம் அதே பாயிண்ட்ஸ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். லெவி மட்டும் அங்கேயும் அதேதான்.

வவுச்சரில் போவதென்று முடிவு செய்தால் சட்டத்தில் இரண்டு இடம் தெரிந்திருக்க வேண்டும். 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இப்படிப்பட்ட பரிசுச் சலுகைகளைப் பற்றியது. கொடுக்கும் எண்ணம் இல்லாமல் சலுகை அறிவிக்கக் கூடாது, எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான இடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எந்தத் தேதி கேட்டாலும் இடமில்லை என்கிறவர்களிடம் இந்தப் பிரிவை எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று 16ஆம் பிரிவு. அவர்களாக நம்மைத் தேடி வந்து, போனிலோ எஸ்எம்எஸ்ஸிலோ நேரிலோ அழைத்து விற்றிருந்தால், ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். கட்டிய காசை 15 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். அழைத்தது அவர்கள்தான் என்பதற்கு அந்த எஸ்எம்எஸ்தான் சாட்சி, அழிக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட நாள் கணக்கில் சேராது, சனி, ஞாயிறு, அரசு விடுமுறையும் சேராது. செவ்வாய் மாலை போட்டால் அடுத்த செவ்வாய் வரை. பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழன் போட்டால் அரசு விடுமுறையான வெள்ளியும் திங்களும் கழிந்து, அதற்கடுத்த வாரத் திங்கள் வரை நேரம் உண்டு. போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்த எண், தேதி, 16ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, இவ்வளவுதான். இழுத்தடித்தால் டைம்ஷேர் தொழில் சங்கமான வோவாசாவுக்கும், அடுத்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்பலாம். வீடு திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனசு மாறிவிட்டால் அன்று ராத்திரியே, அவர்கள் கொடுத்த அறையில் உட்கார்ந்தே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடலாம்.