கித்துல்கல ராஃப்டிங்: படகைப் பார்க்காதீர்கள், தண்ணீரை விசாரியுங்கள்

ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறினால், கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலையில் களனி கங்கைக் கரையிலேயே இறங்கலாம். வீதியோரத்து ராஃப்டிங் (காற்றடைத்த படகில் நீர்ச்சரிவுகளில் இறங்கும் பயணம்) சேவைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே ஆற்றுத்துண்டில்தான் படகு விடுகின்றன: ஐந்தாறு கிலோமீற்றர், இரண்டாம் மூன்றாம் தர, அதாவது மிதமான, நீர்ச்சரிவுகள். நீந்தத் தெரியாதவரும் போகலாம். அதனால் படகின் பளபளப்பும் மதியச் சாப்பாடும் பெரிய விசயமில்லை.

தண்ணீர்தான் விசயம். பொகவந்தலாவை, நோர்வூட் வழியாக வரும் கெஹெல்கமு ஓயாவும், சிவனொளிபாதமலைச் சாரலில் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்ததே களனி. முதலாவதைக் காசல்ரீ அணை மறிக்கிறது, இரண்டாவதை மவுஸ்ஸாகலை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை, 1950இல் லக்ஷபானவில் மின்சாரமாயிற்று. மவுஸ்ஸாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வரட்சியில் அங்கே மூழ்கிய கோயில் இன்றும் வெளியே தெரியும். விமலசுரேந்திர, கனியோன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக டர்பைன் சுற்றிய பிறகே தண்ணீர் கீழே வருகிறது. கித்துல்கலைக்குச் சற்று மேலே இப்போது 35 மெகாவோற் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டமும் சேர்ந்துவிட்டது.

ஆகவே ஆறு எப்படி ஓடும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே தண்ணீர் விடாத நேரத்தில் படகு பாறைகளில் தட்டி நிற்கும், வழிகாட்டி இறங்கித் தள்ளுவார், கொடுத்த காசு வீண். முற்பதிவு செய்யும்போதே "எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்?" என்று கேளுங்கள். நேரம் சொல்லி அதற்கேற்ப உங்களை வரச்சொல்பவர்களே நல்ல சேவை. "எப்ப வேணுமெண்டாலும் வாங்க" என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகும். கலங்கிய நீர் வேகமாக ஏறும் நாளில் பயணத்தை நிறுத்துபவர்களுக்கு என் முழு மதிப்பெண்.

உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிது, மாற்றச் சொல்லுங்கள். தலைக்கவசத்தின் நாடி வாரும் இறுக வேண்டும். ரப்பர் செருப்பு முதல் சரிவிலேயே போய்விடும், குதிகாலில் வார் உள்ளது தேவை. டெனிம் வேண்டாம், நனைந்தால் பாரம். படகின் விளிம்புக் குழாயில் அமர்ந்து, காற்றடைத்த குறுக்குத் தண்டின் அடியில் பாதத்தைச் செருகிக்கொள்ளுங்கள். துடுப்பின் மேல்முனைப் பிடியை விடவே கூடாது. விட்டால் பக்கத்திலிருப்பவரின் பல்லில்தான் படும்.

விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயல்வதுதான் ஆபத்து: பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் தண்ணீர் ஆளை முன்னோக்கிச் சாய்த்து அமுக்கிவிடும்.

குறை ஒன்று. கட்டளைகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் வரும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள், கரையில் ஒவ்வொரு கட்டளையையும் செய்து காட்டிப் பழக்கிய பிறகே படகை இறக்க விடுங்கள். சரிவின் நடுவில் மொழிபெயர்க்க நேரமிருக்காது.

பயணம் முடிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டுக் குளிக்க இறங்காதீர்கள். அமைதியாகத் தெரியும் மடுக்களிலும் அடிநீர் இழுக்கும், மேலே தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று உயரும்.