சொட்டுநீர் செட்: கோடை முடியும்போது ஒரு புலம்பல்

மாடித் தோட்டத்துக்கான சொட்டுநீர் செட் ஆன்லைனில் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அடைத்துக்கொண்ட டிரிப்பர்களை, அதாவது செடிக்குச் செடி தண்ணீர் சொட்டும் மூக்குகளையெல்லாம், அப்போதுதான் வினிகரில் ஊறப் போட்டிருந்தேன்.

16 எம்.எம். மெயின் டியூப், 4 எம்.எம். கிளை டியூப், பேட்டரி டைமர் எல்லாம் எந்த கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக எடுப்பவர்கள் டைமரில் மட்டும் கவனம் வையுங்கள். உள்ளே ஓர் உருண்டை சுழன்று திறக்கும் பால்வால்வு (ball valve) வகையைக் கேட்டு வாங்குங்கள். மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வகை பெரும்பாலும் பிரஷர் இல்லாமல் திறக்காது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் சுமார் 1 பார் பிரஷர் கிடைக்கும். நம் தண்ணீர்த் தொட்டி, செடிக்கு மேலே ஓர் ஆள் உயரம் இருந்தால் அதிகம்.

நல்லதையும் சொல்லணும். அக்னி நட்சத்திரம் முழுக்க கத்தரி வாடாமல் நின்றது. ஊரில் கல்யாணம் என்று பூட்டிக்கொண்டு போனோம், திரும்பி வந்தால் கொத்தவரை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அதில் பாதியை மோரில் வேகவைத்து வற்றல் போட்டாயிற்று. பூவாளியில் ஊற்றினால் செடிப் பையின் அடியில் ஓடி வீணாகும் தண்ணீர் இதில் வேரோடு நின்றுவிடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உப்பு! எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை வளையம் போடும். ஃபில்டர் மணலைப் பிடிக்கும், கரைந்து வரும் உப்பை எப்படிப் பிடிக்கும்? கறுப்பு டியூப் வெயிலில் கொதிக்கிறது. சொட்டு காய்ந்த இடத்தில் மூக்கு நுனியில் சுண்ணாம்புப் பொருக்கு உட்கார்ந்துகொள்கிறது. காலையில் பார்த்தால் செடி ஜம்மென்று இருக்கும். மதியம் ஒரே ஒரு கத்தரி மட்டும் இலையைத் தொங்கப் போட்டிருக்கும். குனிந்து பார்த்தால் சொட்டே இல்லை. ஊசியால் குத்தினால் இன்னும் மோசம், அது குழாய் மாதிரி ஊற்றும், கடைசி வரிசை கடைமடை விவசாயி மாதிரி வானத்தைப் பார்க்கும். ஆக, மாடிக்கு ஏறாமல் இருக்க வாங்கிய சாமான், தினமும் ஒவ்வொரு மூக்காகத் தடவிப் பார்க்க வைக்கிறது. அப்படி ஏறுவதால் வெண்டை முற்றுமுன் கைக்கு வருகிறது என்பது வேறு கதை. அதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை.

இப்போது ஆடிப்பட்டத்துக்குத் தயாராகணும். காய்த்து ஓய்ந்த கத்தரியைக் கவாத்து செய்தாயிற்று. விதைக்கு இரண்டு வெண்டையை முற்ற விட்டிருக்கிறேன். பழைய பைகளைக் கொட்டி, மண்ணை வெயிலில் காயவைத்து, மக்கிய சாணமும் வேப்பம்புண்ணாக்கும் கலக்கணும். பையை நகர்த்தினாலே டியூப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. அந்த எரிச்சல் தனி.

தீர்ப்பு? வாங்காதீங்க. பத்துப் பை வைத்திருப்பவருக்குப் பூவாளி போதும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். மீறி வாங்குவதென்றால், மூடி கழற்றித் தேய்க்கிற மாதிரி டிரிப்பராகப் பாருங்கள். கூடவே வினிகரையும் கார்ட்டில் போட்டுவிடுங்கள்.